திட்டமும் சேவையும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் நாட்டுப் பழமொழி. இவ்விரண்டையும் நம் முன்னோர் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டுக்கும் நாள் குறிக்க வேண்டும். பணம் ஒதுக்க வேண்டும். பலவகைத் தொழிலாளரை ஒருவர்பின் ஒருவராக வரவழைக்க வேண்டும். ஒருவர் தாமதித்தால் அவருக்குப் பின் வருவோர் அனைவரும் காத்திருக்க நேரும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டும் ஒரு நாள் முடிந்துவிடும். இவ்வாறு தொடக்கமும் முடிவும் உடையதாய், ஒரு குறிப்பிட்ட பயனைக் கருதி, வரையறுத்த காலத்துக்குள்ளும் செலவுக்குள்ளும் செய்யப்படும் வேலையை இன்று திட்டப்பணி என்கிறோம்.

ஆனால் கட்டி முடித்ததோடு வேலை தீர்ந்துவிடுகிறதா? கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். மழை பெய்தால் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். கிணற்றைத் தூர் வார வேண்டும். கதவின் கீல் தேய்ந்தால் எண்ணெய் இட வேண்டும். இவ்வேலைக்கு முடிவு நாள் என்று ஒன்று இல்லை, மேளதாளமும் இல்லை. நாள்தோறும் ஓசையின்றி நடைபெற வேண்டிய இந்த வேலையே சேவை. திட்டப்பணி முடிகிற இடத்தில் சேவை தொடங்குகிறது. கணினிகளை நம்பி வாழும் இக்காலத்தில், இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள உறவு சீராக அமையாவிட்டால் என்ன நேரும், அதைச் சீராக்க ஊர்தோறும் உள்ள திட்ட மேலாண்மைச் சங்கங்கள் என்ன செய்கின்றன என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

திட்ட மேலாண்மை என்பது ஒரு தனிக் கலையாக வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். 1910-களில் ஹென்றி காண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஒவ்வொரு வேலையையும் ஒரு கோடாக வரைந்து, அது தொடங்கும் நாளும் முடியும் நாளும் ஒரே பார்வையில் விளங்கும்படி ஒரு படத்தைப் பரவச் செய்தார். 1957-இல் டூபாண்ட் என்னும் ரசாயனத் தொழில் நிறுவனத்தாரும், ரெமிங்டன் ராண்ட் என்னும் கணிப்பொறி நிறுவனத்தாரும் சேர்ந்து, எந்தெந்த வேலை ஒரு நாள் பிந்தினால் முழுப் பணியும் ஒரு நாள் பிந்துமோ அந்த வேலைகளின் தொடரைக் கண்டறியும் முறையை வகுத்தனர். மறு ஆண்டில் அமெரிக்கக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக இதையொத்த மற்றொரு முறையை அமைத்தது.

கருவிகள் பெருகிய பின்னர் அவற்றைக் கையாள்வோர் ஒன்றுகூட விரும்பியது இயல்பே. 1965-இல் ஐரோப்பாவில் ஒரு பன்னாட்டுச் சங்கம் முளைத்தது. அதன் முதல் மாநாடு 1967-இல் வியன்னா நகரில் கூடியது. 1969-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் கூடிய சிலர் பி.எம்.ஐ. எனப்படும் திட்ட மேலாண்மைக் கழகத்தை நிறுவினர். 1984 முதல் அக்கழகம் தொழில் தேர்வு ஒன்றை நடத்தி வருகிறது. இன்று உலகெங்கும் ஏறக்குறைய 300 கிளைகள் அதற்கு உண்டு. சென்னையிலும் பெங்களூருவிலும் மும்பையிலும் கொழும்பிலும் அதன் கிளைகள் இயங்குகின்றன.

ஒரு நகரத்துக் கிளை செய்யும் பணி யாது? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மிக எளியதாகவே தோன்றும். பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்தவர்கள் மாலை வேளையில் ஓர் அரங்கில் கூடுகிறார்கள். அனுபவமுள்ள ஒருவர் பேசுகிறார். மற்றவர்கள் கேள்வி கேட்கிறார்கள். தேர்வு எழுத விரும்புவோர் வார விடுமுறையில் கூடிப் படிக்கிறார்கள். இளைஞர் ஒருவருக்கு மூத்தவர் ஒருவர் வழிகாட்டியாக அமைகிறார். கல்லூரிகளுக்குச் சென்று மாணவரிடையே பேசுகிறார்கள். கிளையை நடத்துவோர் உறுப்பினரால் தேர்ந்தெடுக்கப்பட்ட தொண்டர்களே. தேர்வில் வென்றவர்கூட அதோடு ஓய்ந்துவிட இயலாது. மூன்றாண்டுக்கு ஒரு முறை 60 அலகு அளவுக்குத் தொடர்ந்து கற்றதைக் காட்டினால்தான் அவருடைய சான்றிதழ் நிலைக்கும். கற்றல் ஓரிடத்தில் முடிவதன்று என்னும் கருத்தே இவ்விதியின் உட்பொருள்.

இக்கூட்டங்களின் உண்மையான பயன் வேறொன்று. புத்தகங்கள் வெற்றி பெற்ற முறைகளையே பெரும்பாலும் கூறும். ஒரு வேலை ஏன் கெட்டது, எந்த நாளில் எந்த அறிகுறி தோன்றியும் அதைப் பாராமல் விட்டோம் என்பவற்றை ஒருவர் வாய்திறந்து சொல்லக் கேட்பது அரிது. அலுவலகத்தில் அதைச் சொன்னால் பதவிக்கு ஆபத்து என்ற அச்சம் இருக்கலாம். ஒரே தொழிலைச் செய்யும் நண்பர்கள் கூடிய சபையில், நிறுவனத்தின் பெயரையும் மனிதரின் பெயரையும் விட்டுவிட்டுப் பிழையை மட்டும் எடுத்துச் சொல்ல இயலும். ஒருவர் பெருவிலை கொடுத்துப் பெற்ற அறிவை இன்னொருவர் விலையின்றிப் பெறுகிறார். இந்தப் பரிமாற்றமே தொழிற்சங்கமைப்பின் உயிர்.

அவ்வறிவுக்கு எத்துணை விலை கொடுக்க நேரும் என்பதை ஓர் உண்மை வரலாற்றால் விளக்கலாம்.

லண்டன் மாநகரின் ஆம்புலன்ஸ் சேவை, 1992-ஆம் ஆண்டளவில் அறுநூறு சதுர மைலுக்குச் சற்று மேற்பட்ட பரப்பில், அறுபத்தெட்டு லட்சம் மக்களுக்குத் தொண்டாற்றி வந்தது. நாளொன்றுக்கு 2,000 முதல் 2,500 வரை அழைப்புகள் வந்தன. அவற்றுள் 1,300 முதல் 1,600 வரை உயிர்காக்கும் அவசர அழைப்புகள். அழைப்பை ஏற்பவர் விவரத்தை ஒரு தாளில் எழுதுவார். வரைபடப் புத்தகத்தில் இடத்தைத் தேடுவார். தாள் ஓடும் பட்டையில் ஏறி அடுத்தவரிடம் செல்லும். அவர் எந்த வண்டியை அனுப்புவது என்று தீர்மானிப்பார். இவை யாவும் மூன்று நிமிடத்துக்குள் நடைபெற வேண்டும். இம்முறை மெதுவானது, தாள் தவறிப்போகவும் கூடும் என்று கருதி, எல்லாவற்றையும் கணினியே செய்யும்படி ஒரு திட்டம் தீட்டினார்கள். நோக்கம் நல்லதே.

ஆனால் குறைந்த விலை கேட்டவர்களுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. இத்தகைய பெரிய அவசர அமைப்பை முன்னர்ச் செய்த அனுபவம் அவர்களுக்கு இல்லை. காலக்கெடு மிகக் குறுகியது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கும் வண்டி ஓட்டுபவர்களுக்கும் அளித்த பயிற்சி போதவில்லை. இப்புதிய முறையில் அவர்களுக்கு நம்பிக்கையும் பிறக்கவில்லை. சரி செய்யப்படாத குறைகள் 81 பதிவேட்டில் இருக்கையிலேயே, 1992 அக்டோபர் 26-ஆம் நாள், லண்டன் முழுவதையும் ஒரே நாளில் புதிய முறைக்கு மாற்றினார்கள்.

கணினி சரியான வண்டியைத் தெரிந்தெடுக்க வேண்டுமானால், ஒவ்வொரு வண்டியும் எங்கே உள்ளது, ஓய்வாக உள்ளதா, வேலையில் உள்ளதா என்பது அதற்குப் பிழையின்றித் தெரிய வேண்டும். அத்தகவலில் பிழை புகுந்தது. ஓரிடத்துக்கு இரண்டு வண்டிகள் சென்றன. மற்றோர் இடத்துக்கு அருகிலிருந்த வண்டி செல்லவில்லை. எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்தன. பழையவை பார்வையிலிருந்து மறைந்தன. வண்டி வராததால் மக்கள் மறுபடியும் அழைத்தனர். அழைப்புகள் பெருகப் பெருக அமைப்பு மேலும் தளர்ந்தது. மறுநாளே பாதி பழைய முறைக்குத் திரும்பினர். நவம்பர் 4-ஆம் நாள் அதிகாலை இரண்டு மணிக்குப் பின் அமைப்பு முற்றிலும் நின்றுபோயிற்று. மாற்றாக வைத்திருந்த ஏற்பாடும் கைகொடுக்கவில்லை. நோயுற்ற தாயின் அருகே தொலைபேசியைப் பிடித்துக் காத்திருந்தவனுக்கு, குற்றம் மென்பொருளினுடையதா மேலாளருடையதா என்பது முக்கியமன்று. வண்டி வருமா என்பதே அவனுடைய கேள்வி.

அமைப்பு நின்றதன் காரணத்தை ஆராய்ந்தபோது ஓர் அற்பமான செய்தி வெளிப்பட்டது. ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன் ஒரு திருத்தத்தின்போது, நிரல் எழுதியவர் சிறிதளவு நிரலை நீக்காமல் விட்டிருந்தார். ஒவ்வொரு வண்டி புறப்படும்போதும் அது சர்வரின் நினைவகத்தில் சிறிது இடத்தைப் பிடித்துக்கொண்டு திருப்பித் தரவில்லை. சொட்டுச் சொட்டாகக் கசிந்து ஒரு நாள் குடம் வறண்டது. பிழை சிறியதே, அதைக் கண்டுபிடிக்கும் வழக்கம் இல்லாததே பெரும்பிழை.

இவ்வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் நமக்கு அச்சம் மட்டுமே மிஞ்சும். 1993 பிப்ரவரியில் விசாரணை அறிக்கை வெளியாயிற்று. கணினியே வேண்டாம் என்று அது கூறவில்லை. படிப்படியாகச் செய்யுங்கள், பணியாளரின் நம்பிக்கையைப் பெறுங்கள், போதிய காலம் கொடுங்கள் என்பதே அதன் சாரம். அவ்வாறே செய்தனர். பயன்படுத்தப்போகும் பணியாளரையே உடன் வைத்துக்கொண்டு, சேவைக்குள்ளேயே புதிய அமைப்பை உருவாக்கினர். முதலில் எளிய பகுதியை மட்டும் கொடுத்து, அது பழகிய பின்னர் அடுத்ததைச் சேர்த்தனர். 1996-இல் புதிய அமைப்பு செயல்படத் தொடங்கியது. 1997-இல் பிரிட்டிஷ் கணினிச் சங்கம் அதற்கு விருது வழங்கிற்று. நகரம் அதுவே, சேவை அதுவே. மாறியது வேலை செய்யும் முறை. ஐந்தாண்டுகளுக்குள் தோல்வியின் சின்னமாக இருந்தது முன்மாதிரியாக மாறியது.

இத்தகைய படிப்பினைகளைத் தொகுத்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் பிரிட்டிஷ் அரசிடம் அதற்கு முன்பே தோன்றியிருந்தது. அரசின் கணினித் துறை 1980-களின் பிற்பகுதியில், சேவைகளை நன்கு நடத்தும் முறைகளைத் திரட்டி, 1989 முதல் நூல்வரிசையாக வெளியிட்டது. ஐடில் என்று வழங்கும் அத்தொகுப்பு 2007-இல் திருத்தி அமைக்கப்பட்டபோது, ஐந்து நூல்களுள் ஒன்று முழுவதும் இடைவிடாத சேவை மேம்பாட்டுக்கே ஒதுக்கப்பட்டது. 2019-இல் அதன் நான்காம் பதிப்பு வந்தது. 2005-இல் பன்னாட்டுத் தர அமைப்பும் தகவல் தொழில்நுட்பச் சேவைக்கென 20000 என்னும் எண்ணுடைய தரத்தை வெளியிட்டது. இவற்றின் அடிப்படைக் கருத்துகள் மூன்றை மாணவர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

முதலாவது, தடங்கல் வேறு, அதன் மூலக்காரணம் வேறு. சைக்கிள் சக்கரத்தில் முள் குத்திக் காற்று இறங்கினால் ஒட்டுப் போட்டுப் பயணத்தைத் தொடர்கிறோம். அது தடங்கலை நீக்குதல். அதே வழியில் வாரந்தோறும் முள் குத்துமானால், வேலியோரத்துக் கருவேல மரத்தைக் கவனிக்க வேண்டும். அது மூலக்காரணத்தை நீக்குதல். ஒட்டுப் போடுவதில் கைதேர்ந்து, மரத்தை மறந்துவிடும் நிலையங்கள் பல. நன்கு நடக்கும் சேவையில் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவேடு இருக்கும்.

இரண்டாவது, மாற்றத்தை ஒழுங்குபடுத்துதல். 2012 ஆகஸ்டு 1-ஆம் நாள், அமெரிக்காவில் பங்குச் சந்தையில் ஈடுபட்டிருந்த நைட் கேபிடல் என்னும் நிறுவனம் புதிய மென்பொருளைப் புகுத்தியது. எட்டு சர்வர்களில் ஏழில் அது சரியாக ஏறியது; ஒன்று விடுபட்டது. அந்த ஒன்றில் பல்லாண்டுகளாகப் பயனின்றிக் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, யாரும் கேட்காத பங்குகளை வாங்கவும் விற்கவும் முற்பட்டது. நாற்பத்தைந்து நிமிடத்தில் ஏறக்குறைய 44 கோடி டாலர் இழப்பு. மறு ஆண்டே அந்நிறுவனம் மற்றொன்றுடன் இணைய நேர்ந்தது. எட்டும் ஒத்துள்ளனவா என்று இன்னொருவர் ஒரு முறை சரிபார்த்திருந்தால் போதும். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

மூன்றாவது, அளந்து பார்த்தல். "எங்கள் சேவை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு ஒழுங்காக நடக்கிறது" என்று ஒருவர் கூறினால் நாம் மகிழ்ந்துவிடுவோம். கணக்கிட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் நூற்றிலொரு பங்கு 87.6 மணி, அதாவது மூன்றரை நாளுக்கும் மேலாகச் சேவை இல்லை. 99.9 விழுக்காடு என்றால் எட்டே முக்கால் மணி, 99.99 என்றால் ஐம்பத்திரண்டரை நிமிடம். மேலும் ஒரு சேவை, ஒன்றையொன்று சார்ந்த ஐந்து பகுதிகளால் ஆனது, ஒவ்வொன்றும் 99 விழுக்காடு நம்பத்தக்கது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தும் சேர்ந்து இயங்கும் வாய்ப்பு 99 அன்று, 0.99-ஐ ஐந்து முறை பெருக்கினால் வருகிற 95 விழுக்காடே. ஆண்டில் ஏறக்குறைய பதினெட்டு நாள் இடையூறு. பகுதிகள் யாவும் நன்றாக இருந்தும் முழுமை குறைபடுவதன் இரகசியம் இதுதான்.

அளந்து, காரணம் கண்டு, சிறிதளவு திருத்தி, மறுபடியும் அளக்கும் இந்த வட்டம் கணினியோடு பிறந்ததன்று. 1924-இல் பெல் தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்த வால்ட்டர் ஷூஹார்ட், தொழிற்சாலைப் பொருள்களின் தரத்தைக் கண்காணிக்க ஒரு வரைபடத்தை அமைத்தார். அவருடைய கருத்துகளை வளர்த்த எட்வர்ட்ஸ் டெமிங்கை, 1950-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கம் தம் நாட்டுக்கு அழைத்து விரிவுரை ஆற்றச் செய்தது. போரினால் அழிந்திருந்த ஜப்பானின் தொழில்கள் தரத்துக்குப் பெயர் பெற்றதில் அவ்விரிவுரைகளுக்குப் பங்குண்டு. அழைத்தது ஒரு சங்கம் என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1962 முதல் அதே சங்கத்தின் ஆதரவில், தொழிற்சாலைகளில் சாதாரணத் தொழிலாளர் சிறு சிறு குழுக்களாகக் கூடித் தம் வேலையில் உள்ள குறைகளைத் தாமே ஆராய்ந்து திருத்தும் வழக்கம் பரவிற்று. மேலிருந்து வந்த கட்டளையைவிட, அருகிலிருந்தவர்கள் கூடிப் பேசியது மிகுந்த பயன் தந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சான்றிதழ் திறமைக்கு அடையாளமாகலாம், திறமையே ஆகிவிடாது. விதிகளை எழுதிச் சுவரில் மாட்டுவதால் சேவை மேம்படாது. படிவங்களை நிரப்புவதே வேலை என்று கருதும் அலுவலகத்தில், பதிவேடு பருத்துக்கொண்டே போகும். அழைத்தவருக்கு மட்டும் விடை கிடைக்காது. சங்கமும் தன் உறுப்பினர் எண்ணிக்கையையும் மாநாட்டின் ஆடம்பரத்தையும் மட்டும் கணக்கிடத் தொடங்கினால் தன் நோக்கத்தை இழந்துவிடும். ஐடிலின் நான்காம் பதிப்பே, இருக்கும் நிலையிலிருந்து தொடங்குக, படிப்படியாகச் செல்க, எளிமையைக் கைவிடாதே என்ற பொருள்பட அறிவுறுத்துகிறது. பிழை செய்தவரைத் தேடிப் பழிதூற்றும் இடத்தில் பிழைகள் மறைக்கப்படும். மறைக்கப்பட்ட பிழை வளரும். பொறுப்பு வேண்டும், ஆனால் உண்மையைச் சொன்னவருக்குத் தண்டனை என்ற நிலை வந்துவிட்டால், அடுத்த உண்மை நம் காதுக்கு எட்டாது.

மாணவ நண்பர்களே, உங்களிற் பலர் நாளை மென்பொருள் எழுதுவீர்கள்; சிலர் அதை எழுதுவோரை வழிநடத்துவீர்கள்; எல்லோரும் அதைப் பயன்படுத்துவீர்கள். இதற்கான பயிற்சியை வேலை கிடைக்கும்வரை தள்ளிவைக்க வேண்டியதில்லை. உங்கள் கல்லூரி விழா ஒரு திட்டப்பணி. உங்கள் விடுதி நூலகம் ஒரு சேவை. விழா முடிந்த மறுநாள் அரைமணி நேரம் கூடி அமருங்கள். நாம் எண்ணியது என்ன, நடந்தது என்ன, வேறுபாடு ஏன், அடுத்த ஆண்டு எதை மாற்றுவது என்ற நான்கு கேள்விகளுக்கு விடையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அடுத்த ஆண்டு நடத்தப்போகிறவர்களிடம் கொடுங்கள். நூலகத்தில் கேட்ட புத்தகம் கிடைக்காமல் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். இந்நகரத்திலோ அருகிலோ தொழில்துறையினர் கூடும் சங்கம் இருந்தால், அதன் கூட்டத்துக்குச் சென்று பின்வரிசையில் அமர்ந்து கேளுங்கள். மேடையில் ஒருவர் தம் வெற்றியைச் சொல்லி முடித்ததும், இவ்வேலையில் எது கெட்டது, அதை எப்படிக் கண்டீர்கள் என்று பணிவோடு கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்விக்குப் பிறகே பாடம் தொடங்கும்.

திட்டத்தைத் தொடங்கி வைக்கப் பெரியோர் வருவர், பந்தல் போடுவர், படம் எடுப்பர். சேவையைப் புகழ்வதற்கு எவரும் வருவதில்லை. அது ஒழுங்காக நடக்கும்போது யாருடைய கண்ணுக்கும் தெரிவதில்லை, நின்றுபோனால்தான் தெரிகிறது. நள்ளிரவில் ஒருவர் தொலைபேசியை எடுக்கும்போது மறுமுனையில் விடை கிடைப்பதும், ஆம்புலன்ஸ் வந்து நிற்பதும், முகமறியாத பலர் தம் பிழைகளை மறைக்காமல் எழுதி வைத்து, ஒவ்வொன்றாகத் திருத்தியதன் பயன். அந்தப் பலருள் நீங்களும் ஒருவராக இருக்க இயலும்.